பளபளப்புப் பக்கம் மேலே

சின்னவள் புதிதாக எதையாவது கற்றுக்கொண்டு வந்தால் அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இருக்காது. நிழலுருவப் படங்களைப் பற்றிப் படித்த வாரம், பொழுது சாய்ந்தும் விளக்கைப் போட விடவில்லை. தண்ணீரில் தெரியும் பிம்பங்களை மட்டுமே எடுத்துப் பேர் வாங்கிய ஒருவரைப் பற்றிப் படித்த வாரம், வீட்டில் இருந்த தட்டெல்லாம் தண்ணீரோடு தரையில் பரப்பிக் கிடந்தன. அம்மா வழுக்கி விழுந்து இடுப்பில் களிம்பு தடவிக்கொண்டாள். அடுத்து அவள் படித்த கலைஞர் எதையும் தரையோடு படுத்துத்தான் எடுப்பாராம். ஆகவே சின்னவள் சமையலறை வாசலில் மல்லாந்து கிடந்தாள். அம்மா கொதிக்கிற பாத்திரத்தோடு அவளைத் தாண்டிப் போனாள்.

“படிக்க அனுப்பினா இவ படுத்துக் கிடக்கறா,” என்றாள் அம்மா. பகல் முழுவதும் காப்பகத்தில் அடுத்தவர் பிள்ளைகளை மேய்த்துவிட்டு வருகிறவள் அவள். தன் பிள்ளையைத் திட்டக்கூட அவளிடம் மிச்சம் தெம்பு இருப்பதில்லை.

புகைப்படம் படிக்கிற கல்லூரியில் சின்னவளுக்கு ‘நகல்’ என்று பேர் வைத்திருந்தார்கள். நூலகத்தில் இருக்கும் பெரிய படப் புத்தகங்களைப் பார்த்து, அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது, அந்த ஆள் எங்கே நின்றார் என்று கண்டுபிடித்து, அதேபோல ஒன்று எடுத்துவிடுவாள். அப்படியே அச்சாக இருக்கும். அதில் என்ன கேவலம்? பேசப் பழகுகிற குழந்தை அம்மாவின் வாயைப் பார்த்துத்தான் பேசுகிறது. ஆனால் வகுப்பில் இருந்தவர்களுக்குப் பிறக்கும்போதே பேசிக்கொண்டு பிறந்ததாக நினைப்பு.

இந்தச் சோதனைகளில் எல்லாம் படத்துக்கு முன்னால் நின்றது அக்காதான். மருந்துக் கடையில் மருந்தாளுநர். எட்டு வயது மூத்தவள். கேட்டால் முறைப்பாள், பிறகு வந்து உட்காருவாள். அவள் முகம் எந்த வெளிச்சத்துக்கும் பொருந்துகிற முகம். இதைச் சின்னவள் சொல்லவில்லை, யாரையும் எளிதில் பாராட்டாத கல்லூரி ஆசிரியரே சொன்னார்.

பிறகு ஒரு காலையில் அக்கா வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு ஓரமாக வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தாள், முகத்தின் வலது பாதி கீழே இறங்கியிருந்தது. முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, தானாகச் சரியாகும் என்றார் மருத்துவர். முக்கால்வாசி சரியானது. மீதிக் கால்வாசி, வந்த விருந்தாளி தங்கிவிட்டதுபோலத் தங்கிவிட்டது. வலது புருவம் மேலே ஏறாது. சிரித்தால் வாய் இடது பக்கம் இழுத்துக்கொள்ளும். வலது கண் கொஞ்சம் சின்னதாகத் தெரியும்.

கடையில் முகக்கவசம் இருந்தது, சமாளித்துக்கொண்டாள். கடைச் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழில் அவளுடைய பழைய முகம் இருந்தது. புதுச் சான்றிதழுக்குப் புதுப் படம் வேண்டும் என்று முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். தினமும் காலையில் கண்ணாடி முன் உட்கார்ந்து, மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளைச் செய்வாள். புருவத்தைத் தூக்குவது, கன்னத்தை ஊதுவது, உதட்டைக் குவிப்பது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். முகத்துக்கு வேண்டியிருக்கிறதே.

உடம்பு சரியான புதிதில் சின்னவள் ஒரு படம் எடுத்தாள். ஆசையாகத்தான் எடுத்தாள். அக்கா கேமராவைக் கையில் வாங்கித் திரையில் பார்த்தாள்.

“யாரு இது?” என்றாள்.

கோபம் இல்லை, அழுகை இல்லை. நிஜமாகவே தெரியாத ஒருத்தியைப் பார்த்துக் கேட்பதுபோலக் கேட்டாள். பிறகு அதை அழித்துவிட்டுக் கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து படத்துக்கு முன்னால் வரவே இல்லை. அதற்குப் பதிலாக, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் வெள்ளைத் தெர்மோகோல் பலகையைப் பிடித்துக்கொண்டு சின்னவளுக்குப் பக்கத்தில் நிற்கத் தொடங்கினாள். அந்த வேலையையும் நன்றாகவே செய்தாள். சின்னவளுக்கு அது சகிக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்து சொல்லத் தைரியமில்லை.

கடைசி ஆண்டில் கல்லூரிக்கு ஜன்னலம்மா வந்தார். அது மாணவர்கள் வைத்த பேர். உருவப்படங்களுக்காகப் பல நாடுகளில் பேசப்பட்டவர். விளக்கே போட மாட்டார். ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, ஓர் ஆள், அவ்வளவுதான். எப்போதும் தாமதமாக வருவார், வந்ததும் பிஸ்கட் கேட்பார், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு வெளியே பறக்கும் பிளாஸ்டிக் பையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் படச்சுருளைத் தொட்டுவிட்டால் வேறு ஆள்.

“சிரிக்கச் சொல்லாதீங்க,” என்றார். “யாரையும் சிரிக்கச் சொல்லாதீங்க. அவங்க வேலையைப் பத்திக் கேளுங்க. நல்லாத் தெரிஞ்ச விஷயத்தைப் பேசறப்ப மனுஷங்க மூஞ்சியை மறந்துடுவாங்க. அப்ப எடுங்க.”

இருட்டறையிலும் அவரே நின்று சொல்லிக் கொடுத்தார். கழுவிக் காயவைத்த நெகட்டிவைப் பிடித்துக் காட்டினார். “ஒரு பக்கம் பளபளன்னு இருக்கும், ஒரு பக்கம் மங்கலா இருக்கும். பளபளப்புப் பக்கம் மேல, மங்கல் பக்கம் காகிதத்தைப் பார்த்து. மாத்திப் போட்டா இடது வலதாயிடும். முதல் நாள் பாடம் இது. இதுல தப்பு பண்றவங்க எங்கிட்ட வேலைக்கு வர முடியாது.”

வேலைக்கு என்று அவர் சும்மா சொல்லவில்லை. வகுப்பு முடியும்போது ஒருவரைத் தன்னோடு ஓர் ஆண்டு உதவியாளராக அழைத்துப் போவார். அதற்கு ஒரே ஒரு பரீட்சை: உங்கள் வீட்டில் படத்துக்கு உட்கார மாட்டேன் என்கிறவரை உட்காரவைத்து எடுக்க வேண்டும், உங்கள் கையாலேயே அச்சுப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை கொண்டுவர வேண்டும்.

சின்னவளுக்கு அந்த இடம் வேண்டும். தாகத்தில் தவிக்கிறவனுக்குத் தண்ணீர் வேண்டியிருப்பதுபோல வேண்டும். நகல் நகல் என்றவர்கள் வாயடைத்து நிற்பதைப் பலமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள். ஆனாலும் அக்காவிடம் கேட்கவில்லை. அறையில் நின்றபடி தோழியிடம் போனில் சொன்னாள்: “எங்க வீட்ல அப்படி மாட்டேங்கறவங்க யாரும் இல்ல. மாடி வீட்டுக்காரரைக் கேட்டுப் பார்க்கணும்.”

அக்கா கண்ணாடி முன் கன்னத்தை ஊதிக்கொண்டிருந்தாள். காற்றை விட்டாள்.

“நான் இந்த வீட்ல இல்லையாடி?”

சின்னவள் போனை வைத்தாள். “அப்படிச் சொல்லலக்கா.”

“அப்படித்தான் சொன்ன. மாட்டேங்கறவங்க யாரும் இல்லன்னு. நான் இங்கதானே உக்காந்திருக்கேன்.”

“கேட்டா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு...”

“கஷ்டமாத்தான் இருக்கும். அதுக்காக, கணக்குலயே சேர்க்க மாட்டியா?”

சின்னவளுக்கு முகம் செத்துப்போயிற்று. அம்மா கதவருகே வந்து நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காப்பகத்தில் இரண்டு பிள்ளைகள் ஒரே பொம்மையைப் பிடித்து இழுக்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை.

“எடு,” என்றாள் அக்கா. “ஆனா ஒரு பேச்சு. அச்சுப் போட்டு முதல்ல எங்கிட்டதான் காட்டணும். நான் வேணாம்னா கிழிச்சிடணும். நெகட்டிவையும் சேர்த்து.”

“சரிக்கா.”

“அப்புறம் அழக்கூடாது.”

“அழ மாட்டேன்.”

மறுநாள் அக்காவுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, இடது நெஞ்சுப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு, கிளம்புகிற கோலத்தில் வந்து உட்கார்ந்தாள். “நல்ல துணியா ஒண்ணு உடுத்தக் கூடாதா,” என்றாள் அம்மா. “இதான் நான் தினமும் உடுத்தறது,” என்றாள் அக்கா. தெர்மோகோல் பலகை இப்போது அம்மா கையில். அதைக் காற்றில் ஆடாமல் பிடிக்கத் தெரியாமல், ஒரு கதவையே தூக்கிக்கொண்டு நிற்பவளைப்போல நின்றாள்.

சின்னவள் முன்பே யோசித்து வைத்திருந்தாள். முகத்தின் ஒரு பாதியில் வெளிச்சமும் மறுபாதியில் இருட்டும் விழுகிற மாதிரி நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போட்டிருந்தாள். ஒரு பெரிய கலைஞரின் புத்தகத்திலிருந்து எடுத்த வித்தை அது. வலது பாதி இருட்டில் போய்விடும்.

அக்கா உட்கார்ந்தாள். தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். மருந்து அளக்கிற கண் அது, தப்புமா?

“இந்தப் பக்கத்தை இருட்டுல வைக்கிறியா?”

சின்னவள் குனிந்து கேமராவின் பட்டையைச் சரிசெய்தாள்.

“ஒளிச்சு வைக்கிறதுக்கு எதுக்கு உக்காரணும்? அதுக்கு நான் அந்த அட்டையையே பிடிச்சிட்டு நிக்கலாமே.”

அவளே எழுந்து நாற்காலியைத் திருப்பி ஜன்னலுக்கு நேராகப் போட்டாள். சின்னவள் ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவே குறுகி நின்றுகொண்டாள். இப்போது எந்தப் புத்தகமும் துணைக்கு வரவில்லை. வெளிச்சம் முகம் முழுக்க ஒரே சீராக விழுந்தது.

“உங்க கடைக்கு வர்ற சீட்டுலயே மோசமான கையெழுத்து யாரோடதுக்கா?” என்று சின்னவள் கேட்டாள். வேலையைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தாரே ஜன்னலம்மா.

அக்கா யோசிக்கவே இல்லை. “பல் டாக்டரோடதுதான். ஒருநாள் ஒரு சீட்டு வந்துச்சு. நானும் முதலாளியும் மாத்தி மாத்திப் பார்க்கறோம், ஒண்ணும் புரியல. கடைசியில அவருக்கே போன் பண்ணிக் கேட்டா, ‘எனக்கும் தெரியல, அந்த ஆளை வாயைத் திறக்கச் சொல்லுங்க, நான் வந்து பார்க்கறேன்’ங்கறாரு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாய் இடது பக்கம் போயிற்று, வலது கண் சுருங்கியது. அம்மா சிரித்ததில் பலகை ஆடி முகத்தில் வெளிச்சம் ஒரு கணம் கூடியது. சின்னவள் பொத்தானை அழுத்தினாள். பிறகும் சில எடுத்தாள். ஆனால் வந்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

படச்சுருளைக் கழுவிக் காயவைத்து, மறுநாள் கல்லூரி இருட்டறையில் அச்சுக்கு நின்றாள். வாழ்க்கையில் ஒரே ஒரு படம் என்கிறபோது கை தன் பேச்சைக் கேட்பதில்லை. வெளிச்சம் கூடிப்போய் ஒன்று கெட்டது, குறைந்துபோய் ஒன்று கெட்டது. நடுவில் நெகட்டிவில் தூசி ஒட்டியிருப்பதைப் பார்த்து வெளியே எடுத்து ஊதித் துடைத்துத் திரும்ப வைத்தாள். அடுத்த காகிதம் அருமையாக வந்தது. சிவப்பு விளக்கின் கீழே, தட்டில் கிடந்த மருந்துத் தண்ணீருக்குள் அக்கா மெதுவாகக் கறுத்து எழுந்து வந்தாள். கறுப்பு கறுப்பாக இருக்கிறதா, வெள்ளையில் கோட்டின் மடிப்பு தெரிகிறதா என்றுதான் சின்னவள் பார்த்தாள். வேறு எதையும் பார்க்கவில்லை.

அன்று மாலை அக்கா வேலையிலிருந்து வந்து கைகழுவிவிட்டுப் படத்தை வாங்கினாள். நின்றபடி பார்த்தாள், பிறகு உட்கார்ந்து பார்த்தாள். ‘யாரு இது’ என்ற பழைய கேள்வி எந்த நேரமும் வரலாம்.

“நான்தான்,” என்றாள் அக்கா.

எழுந்து கண்ணாடி முன் போனாள். படத்தை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். புருவத்தைத் தூக்கினாள், ஏறாத புருவம் ஏறவில்லை, படத்திலும் அப்படியே. “நானேதான்டி,” என்றாள். “எப்படிடி எடுத்த? உடம்பு சரியில்லாமப் போனப்புறம் என்னை இப்பதான் ஒரு படத்துல பார்க்கறேன். கிழிக்க வேணாம். கொண்டு போய்க் குடு.”

அம்மா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். “நல்லாருக்கு. ஆனா என்னமோ மாதிரி இருக்கே. இவ மாதிரி இல்லியே.”

“உனக்குக் கண்ணாடி மாத்தணும்மா.”

“என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. பெத்தவளுக்குத் தெரியாதா?”

“பத்து பிள்ளைங்களுக்கு மூக்கு துடைக்கிறவ, யாரோட மூக்குன்னு குழம்பிட்டியா,” என்றாள் அக்கா. நெடுநாள் கழித்து அவள் வாயிலிருந்து கேலி வந்தது. அம்மா விடவில்லை, அவளும் விடவில்லை. ஒருத்தி இது நான்தான் என்கிறாள், பெற்றவள் இல்லை என்கிறாள். சின்னவள் இருவருக்கும் நடுவில் எட்டிப் படத்தைப் பார்த்தாள். பேனா வலது நெஞ்சில் இருந்தது.

தூசியைத் துடைத்துத் திரும்ப வைத்தபோது நெகட்டிவைப் புரட்டி வைத்திருக்கிறாள். முதல் நாள் பாடம். அச்சாகியிருப்பது கண்ணாடிக்குள் இருக்கிற அக்கா. தினமும் காலையில் உட்கார்ந்து உட்கார்ந்து அக்கா பழகிக்கொண்ட, அக்காவைத் தவிர உலகத்தில் வேறு யாருமே பார்த்திராத முகம். முகம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்த காலத்தில் கண்ணாடிக்கும் படத்துக்கும் வித்தியாசம் தெரிந்ததில்லை. இப்போது தெரிகிறது. முன்பு ‘யாரு இது’ என்று அவள் கேட்டது பிடிவாதத்தில் இல்லை, அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா படத்தை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு, சாப்பிடும்போதும் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லச் சின்னவளுக்கு மனசு வரவில்லை. மறுநாள் போய்ச் சரியான பக்கத்தில் ஓர் அச்சுப் போட்டாள். அதுவும் நன்றாகவே வந்தது. அதை உறையில் போட்டுத் துணிகளுக்கு அடியில் வைத்தாள். அதை அக்கா பார்க்கவில்லை, சரி என்று சொல்லவில்லை. சொல்லாததைக் கொண்டுபோய்க் கொடுப்பது திருட்டு.

வெள்ளிக்கிழமை ஜன்னலம்மா வழக்கம்போலத் தாமதமாக வந்து, படங்களைச் சுவரில் வரிசையாக மாட்டச் சொன்னார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அக்கா முன்னால் நின்றுவிட்டார். கையில் இருந்த பிஸ்கட்டைக் கடிக்கவில்லை. வகுப்பு அதைக் கவனித்தது.

“நல்ல படம்,” என்றார். பின்னால் இருந்த, நகல் என்று கேலி செய்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் இன்னும் கிட்டத்தில் போனார். “பேனா எந்தப் பக்கம் இருக்கு?”

“வலது பக்கம், மேடம்.”

“கோட்டுப் பை எந்தப் பக்கம் தைப்பாங்க?”

“இடது பக்கம்.”

“திருப்பிப் போட்டிருக்க.”

“ஆமா மேடம். தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் கொண்டுவந்த? இருட்டறை திறந்துதானே இருக்கு. நான் இங்க சாயங்காலம் வரைக்கும் இருப்பேன். போய்ச் சரியா ஒண்ணு போட்டுட்டு வா.”

அவர் அப்படி யாருக்கும் இரண்டாவது வாய்ப்புக் கொடுத்ததில்லை. இருட்டறைக்குக்கூடப் போக வேண்டாம். வீட்டுக்கு ஓடிப்போய் உறையை எடுத்துவந்தால் போதும். சின்னவளுக்குக் கால் பரபரத்தது.

“முடியாது மேடம்,” என்றாள். “எங்க அக்கா சரின்னு சொன்னது இந்தப் படத்தைத்தான்.”

ஜன்னலம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ. “அப்ப இதுதான் உன் படம்,” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். உதவியாளர் இடம் தன் தாத்தாவைக் குளியலறை வாசலில் மடக்கி எடுத்தவனுக்குப் போயிற்று. படமும் மோசமில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சின்னவள் வீட்டுக்கு வந்ததும் அக்கா அவள் முகத்தைப் பார்த்தே கேட்டாள். “கிடைக்கலையா?”

“இல்லக்கா.”

“ஏன்? என் மூஞ்சி பிடிக்கலையாமா?”

அந்தக் கேள்வி வந்த பிறகு மறைக்க முடியாது. முழுப் பூசணிக்காயை எவ்வளவு நாள்தான் சோற்றில் மறைப்பது? சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். புரட்டி வைத்தது, பேனா, கண்ணாடி, இரண்டாவது வாய்ப்பு எல்லாம். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“சரியா போட்டது இருக்கா?”

“இருக்கு. ஆனா நீ பார்க்கணும்னு இல்லக்கா. இப்பவே கிழிச்சிடறேன்.”

“எடுத்துட்டு வா.”

துணிகளுக்கு அடியிலிருந்து உறை வந்தது. அக்கா இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் விரல் புதுப் படத்துக்குப் போயிற்று.

“இதோ இருக்காளே,” என்றாள்.

அக்கா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற அதே பார்வைதான். ஆனால் இந்த முறை உடனே திருப்பிக் கொடுத்துவிடவில்லை.

“இத்தனை நாளா நீங்க ரெண்டு பேரும் இவகூடவா உக்காந்து சாப்பிட்டீங்க?” என்று கேட்டாள்.

“இவளைத்தான் எனக்குத் தெரியும்,” என்றாள் அம்மா. “கண்ணாடிக்குள்ள இருக்கறவளை நான் ஒருநாளும் பார்த்ததில்ல.”

அக்கா சிரித்தாள். சிரித்தபோது மேசைமேல் அந்தப் புதுப் படத்தில் இருந்தவளின் வாய் போன பக்கமே அவள் வாயும் போயிற்று. சின்னவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. போன இடம் போனதுதான். வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அழ மாட்டேன் என்று சொன்னது நினைவுக்கு வந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்கா முதல் படத்தைக் கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் செருகினாள். மற்றதை எடுத்துத் தங்கையிடம் நீட்டினாள்.

“இதுல சின்னதா ஒண்ணு போட்டுக் குடு. கடைச் சான்றிதழ்ல ஒட்டணும். வர்றவங்களுக்கு இவளைத்தானே தெரியும்.”